மருந்துக்கு கேக்காத வலியும் மைக்ரோஆர்என்ஏவும்: என் அனுபவம்

எனக்கு எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரியே இருக்க திசு வெளிய வளந்து வலிய கொடுக்குற நோய். மொதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டர் கிடையாது. திருச்சில ஒரு லேப்ல டெக்னீஷியன். காலைல 6 மணிக்கே வெறும் வயித்தோட வந்து நிக்கிறவங்களுக்கு ரத்தம் எடுக்குறது, மெஷின்ல போடுறது, ரிப்போர்ட் அடிக்கிறது, இதான் வேலை. இதுக்கு முன்னாடி எம்எஸ்சி பயோடெக் முடிச்ச கையோட சென்னைல ஒரு ரிசர்ச் லேப்ல ரெண்டு வருசம் ப்ராஜெக்ட் அசிஸ்டெண்ட்டா இருந்தேன், அங்க நான் பண்ணதே மைக்ரோஆர்என்ஏ (எந்த ப்ரோட்டீன் எவ்ளோ வரணும்னு அடக்கி வைக்குற குட்டி ஆர்என்ஏ, பின்னாடி விவரமா சொல்றேன்) அளக்குற வேலைதான், ஆனா அது சுகர் பேஷண்ட்ஸோட ரத்தத்துல. மாசத்துல மூணு நாள் ஹாட் வாட்டர் பேக்க இடுப்புல கட்டிக்கிட்டு பிப்பெட் புடிச்சிட்டு இருந்தேன், அந்த வலிக்கும் கையில இருக்க ட்யூபுக்கும் ஏதாவது சம்மந்தம் இருக்கும்னு ஒரு நாளும் தோணல.

எனக்கு 12 வயசுல சடங்கு சுத்துனாங்க, 14 வயசுலேர்ந்து வலி. அம்மா சுக்கு கஷாயம் வச்சு கொடுப்பாங்க, பெருங்காயம் போட்ட மோர் கொடுப்பாங்க, பெரியம்மா மட்டும் "பொம்பளயா பொறந்தா கொஞ்சம் பொறுத்துக்கணும்டி, நாங்கல்லாம் இதோடயே நாத்து நடலயா"ன்னு கேப்பாங்க. அவங்க நட்டாங்கதான், அதுல பொய் இல்ல. ஆனா அவங்களுக்கும் எங்கம்மாவுக்கும் இதே நோய் இருந்துச்சா இல்லையான்னு இப்ப யாருக்கும் தெரியாது, யாரும் பாக்கவே இல்லையே. காலேஜ் வந்தப்ப ஒரு மெஃப்தால் ஸ்பாஸ் மாத்திரைல அடங்குன வலி ரெண்டு கேட்டுச்சு, அப்புறம் மூணு. மெடிக்கல் ஷாப்ல பேர சொன்னா சீட்டு கூட கேக்காம கொடுத்துடுவாங்க. (2023 நவம்பர்ல அதுல இருக்க மெஃபெனமிக் ஆசிட் பத்தி அரசாங்கத்தோட பார்மகோபியா கமிஷன் ஒரு எச்சரிக்கையே விட்டுச்சு, அபூர்வமா சிலருக்கு காய்ச்சல், தோல் தடிப்பு, உள்ளுறுப்பு பாதிப்புனு கடுமையான அலர்ஜி வரலாம்னு. மிட்டாய் மாதிரி முழுங்குனவ நான், அதனால சொல்றேன்.)

"கல்யாணம் ஆனா சரியாயிடும்"னாங்க. 2018ல கல்யாணம் ஆச்சு, வலி கூடிதான் போச்சு. "ஒரு புள்ள பொறந்தா சரியாயிடும்"னு மாமியார் ஊர்ல ஆரம்பிச்சாங்க. இதுல எனக்கு இருக்க கோவம் வேற, அது கெடக்கட்டும். கர்ப்பமா இருக்கப்ப பீரியட்ஸ் வராததால சிலருக்கு வலி கொறையும், அவ்ளோதான், அது வைத்தியம் இல்ல.

இதுல என் தப்பும் ஒண்ணு இருக்கு. பீரியட்ஸ் அப்ப மோஷன் போறப்ப கத்தி வச்சு குத்துற மாதிரி இருக்கும், அத நான் யார்கிட்டயுமே சொல்லல. வெக்கம். எந்த டாக்டர்கிட்ட போனாலும் "வயித்து வலி மேடம்"னு ரெண்டு வார்த்தைல முடிச்சிடுவேன், அவங்களும் ரெண்டு வரில எழுதி அனுப்பிடுவாங்க. 2020ல ஒரு மேடம் மட்டும்தான் கேட்டாங்க, "டாய்லெட் போறப்ப வலிக்குதா? வீட்டுக்காரர் கூட இருக்கப்ப வலிக்குதா? ஒவ்வொரு மாசமும் அதே இடத்துலயா?" மூணுக்கும் ஆமான்னேன். கல்யாணத்துக்கு முன்னாடி வயித்து மேல வச்சு எடுத்த ஸ்கேன் ரெண்டு தடவ "நார்மல்"னு வந்திருந்துச்சு, இப்ப உள்ள வச்சு எடுத்த ஸ்கேன்ல எடது ஓவரில 5.5 சென்டிமீட்டர் சாக்லேட் சிஸ்ட் (பழைய ரத்தம் தேங்குன கட்டி), கர்ப்பப்பை பின்னாடி குடலோட ஒட்டிக்கிட்டு நகரவே இல்ல. அந்த ஒட்டல ஸ்கேன் பண்ற டாக்டர் தேடினாதான் தெரியும், தேடலன்னா ரிப்போர்ட்ல வராது. கல்யாணம் ஆகாத பொண்ணுன்னா உள்ள வச்சு எடுக்க மாட்டாங்க, அப்ப "எம்ஆர்ஐ எடுக்கலாமா மேடம்"னு நீங்களே கேளுங்க. நான் கேட்டிருந்தா எட்டு வருசம் மிச்சமாயிருக்கும்.

அதே வாரத்துல சிஏ-125 டெஸ்ட்டும் எழுதியிருந்தாங்க. எங்க லேப்லதான் போட்டேன், என் சாம்பிள நானே மெஷின்ல வச்சேன், 68னு வந்துச்சு. 35க்கு கீழ இருக்கணும். ஓவரி கேன்சருக்கு பாக்குற டெஸ்ட்டுன்னு மனப்பாடமா தெரியும், அன்னைக்கு நைட்டு ஃபுல்லா நானும் இவரும் தூங்கல. மறுநாள் மேடம் சிரிக்காம பொறுமையா சொன்னாங்க, எண்டோமெட்ரியோசிஸ்ல கூடும், ஃபைப்ராய்டுல கூடும், பீரியட்ஸ் நாள்ல எடுத்தாலும் கூடும், வயித்து டிபில நூத்துக்கணக்குல கூட போகும், அதனால இத வச்சு எதையும் முடிவு பண்ண முடியாதுன்னு. 2022ல வந்த ஐரோப்பிய டாக்டர்களோட கைட்லைன்லயும் இதே கததான், எண்டோமெட்ரியோசிஸ் கண்டுபிடிக்க சிஏ-125 உட்பட எந்த ரத்த மார்க்கரும் வேணாம்னுதான் இருக்கு. ஒரு நம்பர் வந்த ஒடனே நம்ம மனசு அத புடிச்சு தொங்கிக்குது, அதான் பிரச்சனை.

அப்புறம் டையனோஜெஸ்ட் 2 மில்லிகிராம், ப்ரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மாதிரி வேலை செய்யுற மாத்திரை, தினமும் ஒண்ணு. மொத நாலு மாசம் விட்டு விட்டு ஸ்பாட்டிங், யாரும் முன்னாடியே சொல்லாததால மாத்திரை ஒத்துக்கலன்னு நெனச்சு நடுவுல நிறுத்தினேன், அது தப்பு, மொத சில மாசம் அப்படி ஆகுறது சகஜம். 2021ல லேப்ராஸ்கோபி (சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு பண்ற ஆப்பரேஷன்), சிஸ்ட்ட எடுத்து ஒட்டல பிரிச்சு விட்டாங்க, பயாப்சிலயும் எண்டோமெட்ரியோசிஸ்னு உறுதியாச்சு. ஒன்றரை வருசம் சொர்க்கம். 2023 ஆரம்பத்துல திரும்ப வலி, அதுவும் மாத்திரைய ஒரு நாள் கூட விடாம போட்டுட்டு இருக்கப்பவே. நான் அழுதுட்டே கேட்டேன், "ஏன் மேடம் மருந்துக்கு கேக்க மாட்டேங்குது?" அவங்க சொன்ன பதில்தான் என்ன இவ்ளோ தூரம் படிக்க வச்சுது: "சிலருக்கு ப்ரோஜெஸ்டிரோன் ரெசிஸ்டன்ஸ் இருக்கும்மா. ஹார்மோன் உள்ள போகுது, அந்த செல்லுங்க அது சொல்றத கேக்குறதில்ல."

அன்னைக்கு நைட்டு ப்ரோஜெஸ்டிரோன் ரெசிஸ்டன்ஸ்னு தேடினா மூணாவதா வந்த ஆராய்ச்சி பேப்பர்லயே மிர்-29சின்னு ஒரு மைக்ரோஆர்என்ஏ பேர். எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. மிர்-29 குடும்பத்தோட ட்யூப எத்தன தடவ கையில புடிச்சிருக்கேன்.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்றேன். கல்யாண மண்டபத்துல சமையல்கட்ட நெனச்சுக்கோங்க. வீட்டு பெரியவர்கிட்ட மெனு நோட்டு இருக்கு, அதான் டிஎன்ஏ. அதுலேர்ந்து ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு சீட்டு எழுதி சமையல்காரர்கிட்ட போகுது, அதான் மெசஞ்சர் ஆர்என்ஏ. அவர் சீட்ட பாத்து செய்யுற பாயசம், சாம்பார்தான் ப்ரோட்டீன். இதுக்கு நடுவுல கையில பென்சிலோட ஒரு பொடிப்பய சுத்திட்டே இருக்கான், "பாயசம் போதும்"னு சீட்டுல கோடு போடுவான், சில சீட்ட கிழிச்சே போட்ருவான். அவன்தான் மைக்ரோஆர்என்ஏ. சுமார் 22 எழுத்து நீளம்தான், ஆனா ஒரே பையன் நூறு சீட்டுல கை வைப்பான், ஒரே சீட்டுல நாலஞ்சு பசங்க கை வைப்பாங்க. மனுசங்கள்ல இந்த மாதிரி ஆயிரத்துக்கு மேல இருக்கு. 1993ல விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்கனும் ஒரு மில்லிமீட்டர் நீள புழு ஒண்ணுல மொத மைக்ரோஆர்என்ஏவ கண்டுபிடிச்சப்ப, இது ஏதோ புழுவோட விசித்திரம்னு பெரும்பாலானவங்க விட்டுட்டாங்க. 2000ல ரவ்கன் லேப் அதே புழுவுல லெட்-7ன்னு இன்னொரு மைக்ரோஆர்என்ஏவ கண்டுபிடிச்சு, அது மனுசன் வரைக்கும் இருக்குன்னு காமிச்சப்புறம்தான் ஆளாளுக்கு தேட ஆரம்பிச்சாங்க. 2024 அக்டோபர் 7, மத்தியானம் 3 மணி வாக்குல ரெண்டு பேருக்கும் நோபல்னு நியூஸ் வந்துச்சு, நான் லேப்ல செண்ட்ரிஃப்யூஜ் பக்கத்துல நின்னுட்டு போன்ல பாத்து கத்திட்டேன், பக்கத்துல இருந்த அக்கா உனக்கு என்னடி லாட்டரியான்னு கேட்டாங்க.

சரி, எண்டோமெட்ரியோசிஸ் விசயத்துக்கு வரேன். கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரியே இருக்க திசு வெளிய, ஓவரில, குடல் மேல, வயித்து உள்பக்க சவ்வு மேல எல்லாம் வளர்றதுதான் இந்த நோய். உலகத்துல குழந்தை பெத்துக்குற வயசுல இருக்க பத்து பொண்ணுல ஒருத்திக்கு இருக்கு, கிட்டத்தட்ட 19 கோடி பேர்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 1920கள்ல அமெரிக்காவுல சாம்ப்ஸன்னு ஒரு டாக்டர் சொன்னது, பீரியட்ஸ் ரத்தம் கொஞ்சம் பின்பக்கமா ட்யூப் வழியா வயித்துக்குள்ள போகுது, அதுல இருக்க செல்லுங்க அங்க ஒட்டிக்குதுன்னு. கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா அப்படி பின்னாடி போறது ட்யூப் அடைப்பு இல்லாத பொண்ணுங்கள்ல பத்துல ஒம்போது பேருக்கு நடக்குதே, வயித்துக்குள்ள எட்டிப் பாத்தவங்க 1984லயே சொல்லிட்டாங்க. அப்ப ஒம்போது பேருக்கு உள்ள போன குப்பைய உடம்பு கூட்டிப் பெருக்கிடுது, ஒருத்திக்கு மட்டும் அது வேர் புடிக்குது. ஏன்? இந்த "ஏன்"கிற எடத்துலதான் மைக்ரோஆர்என்ஏ வருது. முழு பதில் அது இல்ல, பரம்பரை, எதிர்ப்பு சக்தி எல்லாம் சேந்துதான்.

பிச்சு விழுந்த ஒரு துண்டு சவ்வுக்கு மொத பிரச்சனை மூச்சு. ரத்தக்குழாய் இல்ல, ஆக்சிஜன் இல்ல. சாகணும். தைவான்ல ஒரு குரூப் 2012ல காமிச்சது, ஆக்சிஜன் கொறஞ்சா இந்த செல்லுங்கள்ல மிர்-20ஏ கூடுது, அது ஒரு ப்ரேக் ப்ரோட்டீனோட சீட்ட கிழிக்குது, ப்ரேக் இல்லாததால வளர்ச்சி சிக்னல் ஓடிட்டே இருக்கு, ரத்தக்குழாய் வரவைக்குற ஜீன்லாம் முழிச்சிக்குது. இன்னொரு பக்கம் மிர்-199ஏ கொறையுது, அது இருந்தா விஇஜிஎஃப்ங்கிற, ரத்தக்குழாய் இழுக்குற ப்ரோட்டீன அடக்கி வச்சிருக்கும். வாடகை கொடுக்காத ஆளு தானே கரெண்ட் கனெக்ஷனும் தண்ணி கனெக்ஷனும் இழுத்துக்கிட்ட கத.

ரெண்டாவது, ஊடுருவல். ஒழுங்கா வரிசையா ஒட்டிக்கிட்டு இருக்க செல்லுங்க கைய விட்டுட்டு நகர ஆரம்பிக்கணும். அந்த கைப்பிடிக்கு ஈ-கேட்ஹெரின்னு பேரு. மிர்-200 குடும்பம் சாதாரணமா அந்த கைப்பிடிய கழட்டி விடுற ஜெப்1, ஜெப்2ன்னு ரெண்டு ப்ரோட்டீன அடக்கி அத காப்பாத்தும். நோய் திசுவுல மிர்-200 கொறஞ்சு இருக்குன்னு நெறைய பேர் பாத்திருக்காங்க. லேப்ல அந்த செல்லுக்கு மிர்-200பிய திரும்ப கொடுத்தா ஊடுருவுறது கொறையுது, இது 2016ல ஜெர்மன்காரங்க பண்ணது.

இங்க ஒரு கொக்கி இருக்கு, எனக்கு இது ரொம்ப புடிச்ச கொக்கி. ஆப்பரேஷன்ல வெட்டி எடுக்குற துண்டுல நோய் செல் மட்டுமா இருக்கு? சுத்தி இருக்க நாரு, கொழுப்பு, வயித்து சவ்வு எல்லாம் கூட வருது. மிர்-200 சுரப்பி மாதிரியான செல்லுங்கள்லதான் நெறைய இருக்கும், நார்ல இருக்காது. அப்ப கர்ப்பப்பை சவ்வையும் இந்த கலவை துண்டையும் பக்கத்துல வச்சு அளந்தா மிர்-200 கொறச்சலாதான் தெரியும், பால்ல தண்ணி கலந்த மாதிரி. 2014ல எஸ்டோனியாலேர்ந்து ஒரு குரூப் இத சுட்டிக்காட்டினாங்க. அதனால "இந்த மைக்ரோஆர்என்ஏ கொறஞ்சு இருக்கு"ன்னு தலைப்பு பாத்தா நான் மொதல்ல தேடுறது, எந்த திசுவ எதோட ஒப்பிட்டாங்க, செல்ல தனியா பிரிச்சாங்களா இல்ல துண்டோட அரைச்சாங்களான்னுதான்.

மூணாவதுதான் என் கத. ப்ரோஜெஸ்டிரோன் வந்து செல்லோட ரிசப்டர்ல (ஹார்மோனோட சேதிய வாங்குற ப்ரோட்டீன்) உக்காரணும்னா, ரிசப்டர ஒழுங்கா புடிச்சு மடிச்சு வைக்க எஃப்கேபிபி52ன்னு ஒரு உதவியாள் வேணும். எண்டோமெட்ரியோசிஸ் வர வச்ச பபூன் கொரங்குகளோட கர்ப்பப்பை சவ்வுலயும், நோய் இருக்க பொண்ணுங்க சவ்வுலயும் மிர்-29சி கூடி இருந்துச்சு, அந்த உதவியாளோட சீட்டு கொறஞ்சு இருந்துச்சு, 2017ல வந்த பேப்பர் இது. ஆள் இல்லாத காது மாதிரி ரிசப்டர் தொங்கிட்டு இருக்கு, ஹார்மோன் கத்திட்டு போகுது. இதே மாதிரி மிர்-135 ரெண்டு வகையும் கூடி, கரு ஒட்டுறதுக்கு வேணுங்கிற ஹாக்ஸ்ஏ10ங்கிற ஜீன கொறைக்குதுன்னு 2011லயே சொன்னாங்க. குழந்தை நிக்காததுக்கு "உன் உடம்பு சூடு"ன்னு சொன்ன அத்தைக்கு இத எப்படி சொல்றது.

என் உடம்புல மிர்-29சி கூடி இருந்துச்சான்னு எனக்கு தெரியாது, தெரியவும் வேணாம், யாரும் அளக்கல. ஆனா இத படிச்சதுல ஒண்ணு நடந்துச்சு. அதுவரைக்கும் மாத்திரை கேக்கலன்னா நான் ஏதோ சரியா சாப்பிடல, டைம் தவறிட்டேன், மனசு சரியில்லன்னு என்னையேதான் திட்டிட்டு இருந்தேன். அடுத்த விசிட்ல மேடம்கிட்ட தெளிவா கேட்டேன், "இதே வகை மருந்த டோஸ் கூட்டுறதா, இல்ல வேற வழில போறதா?" கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் காயில், ஜிஎன்ஆர்ஹெச் ஊசி (ஓவரில ஹார்மோன் சுரக்குறத அடக்கி வைக்குறது), திரும்ப ஆப்பரேஷன், ஒவ்வொண்ணுக்கும் என்ன லாபம் என்ன நஷ்டம்னு அரை மணி நேரம் பேசினோம். ஊசி மூணு மாசம் போட்டேன், எலும்புக்கு கால்சியம், வைட்டமின் டி, கூட கொஞ்சூண்டு ஹார்மோன் திருப்பி கொடுத்தாங்க, வேர்த்து வேர்த்து கொட்டுச்சு, ஆனா வலி அடங்குச்சு. அப்புறம் காயில். இப்ப வலி பத்துக்கு மூணுல ஓடுது. உங்களுக்கு இதே சரி வரும்னு சொல்லல.

இனி பணம் போன கத. 2023 கடைசில ஒரு ஏஜெண்ட் எங்க லேப் பக்கம் வந்தார், ரத்தத்துலயே எண்டோமெட்ரியோசிஸ் கண்டுபிடிக்குற மைக்ரோஆர்என்ஏ பேனல்னு ஒரு நோட்டீஸ், பளபளன்னு. 18,000 ரூபா. எனக்குதான் பயாப்சிலயே உறுதியாச்சே, அப்புறம் எதுக்கு? ஆசைதான், வேற என்ன சொல்ல. இவர்கிட்ட கூட சொல்லாம சீட்டுப் பணத்துலேர்ந்து எடுத்து கட்டினேன். 20 நாள் கழிச்சு ரிசல்ட்: "லோ ரிஸ்க்". சிரிப்பா அழுகையான்னு தெரியல. என் சிஸ்ட்ட பாட்டில்ல போட்டு பயாப்சிக்கு அனுப்புன பொண்ணு நான். ஃபோன் பண்ணா "சாம்பிள் குவாலிட்டியா இருக்கலாம் மேடம்"னாங்க, அதுக்கப்புறம் எடுக்கல.

ஆனா சாம்பிள் குவாலிட்டின்னு அவங்க சொன்னது மட்டும் வெறும் சாக்கு இல்ல, அது எனக்கே அடி வாங்கி தெரிஞ்ச விசயம். சென்னைல இருந்தப்ப ஒரு மாசம் என் டேட்டால மிர்-451ஏ எகிறிக்கிட்டு வந்துச்சு, 14 சாம்பிள்ல. பெரிய கண்டுபிடிப்புன்னு சார்கிட்ட ஓடினேன். அவர் கம்ப்யூட்டர பாக்கவே இல்ல, "சீரம் ட்யூப எடுத்துட்டு வா"ன்னார். ரோஸ்மில்க் கலர்ல இருந்துச்சு. சின்ன ஊசி போட்டு சிரிஞ்ச்ச வேகமா இழுத்ததுல சிவப்பணு ஒடஞ்சு போச்சு, சிவப்பணுக்குள்ள மிர்-451ஏ மூட்ட மூட்டயா இருக்கு. நான் அளந்தது நோய இல்ல, என் கைய. அதுக்கப்புறம் ஒவ்வொரு சாம்பிள்லயும் சிவப்பணு ஒடஞ்சா கூடுற மிர்-451ஏவையும், ஒடஞ்சாலும் பெருசா மாறாத மிர்-23ஏவையும் பக்கத்துல வச்சு பாத்துட்டுதான் மேல போவோம், ஒடஞ்ச சிவப்பணுவோட கலர் எவ்ளோ கலந்திருக்குன்னு 414 நானோமீட்டர் வெளிச்சத்துலயும் பாப்போம். இப்ப யோசிங்க, எண்டோமெட்ரியோசிஸ் ரத்த டெஸ்ட் ஆராய்ச்சில முக்கியமா வர்ற பேரே மிர்-451ஏதான். யேல் யுனிவர்சிட்டி குரூப் 2020ல 100 பொண்ணுங்கள வச்சு போட்ட ஆறு மைக்ரோஆர்என்ஏ லிஸ்ட்லயும் இருக்கு, நல்லா கவனமா பண்ண வேலை அது, ரிசல்ட்டும் நல்லா இருந்துச்சு. ஆனா அதே விசயம் ஏதோ ஒரு ஊர் கலெக்ஷன் சென்டர்ல, வெயில்ல, பைக் பொட்டில ரெண்டு மணி நேரம் குலுங்கி வர்ற ட்யூப்ல அளந்தா என்ன வரும்? என் "லோ ரிஸ்க்" மாதிரி எதுவும் வரும்.

எச்சி டெஸ்ட் பத்தியும் கேப்பீங்க. பிரான்ஸ்ல எண்டோடெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, எச்சில 109 மைக்ரோஆர்என்ஏ பாத்து கம்ப்யூட்டர் முடிவு சொல்லுது. 2022ல 200 பொண்ணுங்க, 2023ல வேற 200 பொண்ணுங்கன்னு போட்டாங்க, ரெண்டாவதுல நோய் இருக்கவங்கள்ல 96 சதவீதம் பேர சரியா புடிச்சுது. எச்சில சிவப்பணு தொல்லையும் கம்மி. ஆனா இதுல கலந்துக்கிட்டவங்க எல்லாருமே ஏற்கனவே வலியோட, சந்தேகத்தோட ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க, தெருவுல போற பத்து பொண்ணுல இதே கணக்கு வருமான்னா அது வேற. பிரான்ஸ் அரசாங்கமே 2024 ஜனவரில நல்லா இருக்கு, ஆனா இன்னும் ஆதாரம் வேணும்னு சொல்லிட்டு, 2025ல ஆஸ்பத்திரிகள் வழியா 25,000 பொண்ணுங்களுக்கு ஆய்வோட சேத்து கொடுக்க ஆரம்பிச்சுது. ஸ்கேன், எம்ஆர்ஐல தெளிவா தெரியாதவங்களுக்குத்தான் அது. நல்லா வந்தா எனக்கு சந்தோசம்தான், எங்க லேப்லயே நான் எச்சி ட்யூப் வாங்கி வைப்பேன்.

இந்த துறைல மொத ரிசல்ட்ட பாத்து குதிக்கக் கூடாதுன்னு எனக்கு புரிய வச்சது 2012ல நடந்த ஒண்ணு. கேராஸ்ங்கிற ஜீன்ல லெட்-7 வந்து ஒட்டுற எடத்துல ஒரு எழுத்து மாறியிருந்தா எண்டோமெட்ரியோசிஸ் வருதுன்னு ஒரு பேப்பர் வந்துச்சு, நோய் இருந்தவங்கள்ல 31 சதவீதம் பேருக்கு அந்த மாற்றம்னு. அடடான்னு இருந்துச்சு. அதே வருசமே ஆஸ்திரேலியாக்காரங்க இன்னும் நெறைய பேர வச்சு பாத்தாங்க, ஒரு சம்மந்தமும் இல்ல. லெட்-7 கத அதோட முடியல, 2018ல எலிங்களுக்கு லெட்-7பி ஊசி போட்டா கட்டி சின்னதாச்சுன்னு வந்துச்சு. எலிக்கு. மனுசங்களுக்கு எண்டோமெட்ரியோசிஸ்க்கு மைக்ரோஆர்என்ஏ மருந்துன்னு இன்னும் கடைல எதுவும் இல்ல, ஏன்னா அந்த பொடிப்பய நூறு சீட்டுல கை வைப்பான்னு சொன்னேனே, நமக்கு வேண்டாத சீட்ட மட்டும் கிழிக்க சொல்லி, வேண்டிய எடத்துக்கு மட்டும் அவன அனுப்புறது லேசு இல்ல.

போன வருசம் சொந்தக்காரங்க குரூப்ல ஒரு சித்தி ஒரு பொடி விளம்பரம் அனுப்பினாங்க, "மூலிகை மைக்ரோஆர்என்ஏ கர்ப்பப்பைய சுத்தம் செய்யும்"னு. இதுக்கும் ஒரு பூர்வீகம் இருக்கு. 2012ல சீனாவுலேர்ந்து ஒரு பேப்பர், அரிசில இருக்க மிர்-168ஏ சோறு சாப்பிடுறவங்க ரத்தத்துல இருக்கு, ஈரல்ல வேலையும் செய்யுதுன்னு. மத்தவங்க திரும்ப பண்ணி பாத்தா அப்படி வரல. மூணு வேளையும் சோறு திங்குற ஊர்ல பொறந்த எனக்கு அது நெசமா இருந்திருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்கும். சித்திக்கு "பொடிய வாங்காதீங்க, அந்த காசுல நல்ல ஸ்கேன் ஒண்ணு எடுங்க"ன்னு மட்டும் போட்டேன்.

கையோட வேற சிலதும் சொல்லிடுறேன், யாருக்காவது உதவும். சிஸ்ட் ஆப்பரேஷன் பண்றதுக்கு முன்னாடி ஏஎம்ஹெச் (ஓவரில முட்டை எவ்ளோ மிச்சம் இருக்குன்னு காட்டுற ரத்த டெஸ்ட்) பாக்க சொல்லுங்க, எனக்கு முன்னாடி 2.4, பின்னாடி 1.3, சிஸ்ட்டோட சேந்து நல்ல ஓவரி திசுவும் கொஞ்சம் போயிடுது, குழந்தை வேணும்னு இருக்கவங்க கத்திக்கு முன்னாடியே அந்த பேச்ச பேசிடணும். ஆப்பரேஷன் வீடியோவும் பயாப்சி ரிப்போர்ட்டும் கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, ரெண்டாவது டாக்டர்கிட்ட போறப்ப டிஸ்சார்ஜ் சம்மரிய விட அதான் பேசும். ஸ்டேஜ் 4ன்னு போட்டிருந்தா பயப்படாதீங்க, ஸ்டேஜ் 1ன்னா அலட்சியமா இருக்காதீங்க, ஸ்டேஜுக்கும் வலிக்கும் நேரான கணக்கு கெடையாது. ஆராய்ச்சிக்கு யாராவது ரத்தமோ திசுவோ கேட்டா, எத்திக்ஸ் கமிட்டி பேப்பர் காமிச்சா, முடிஞ்சவங்க கொடுங்க. பெரும்பாலான டேட்டா வெளிநாட்டு பொண்ணுங்களோடது, நம்ம ஊர் பொண்ணுங்கள பத்தி தெரிஞ்சிக்க மும்பைல இருக்க ஐசிஎம்ஆரோட இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனம் மாதிரி எடங்கள்ல வேலை நடக்குது. ரத்தம் கொடுக்குறப்ப கைய திரும்ப திரும்ப மடக்கி விரிக்காதீங்க, மாத்திரை என்ன எடுக்குறீங்க, பீரியட்ஸ் எத்தனாவது நாள்னு கேக்கலன்னாலும் சொல்லுங்க.

அக்கா பொண்ணு ஒருத்தி இருக்கா, 16 வயசு. மாசா மாசம் ரெண்டு நாள் ஸ்கூலுக்கு போறதில்ல. அக்கா போன மாசம் போன் பண்ணி "ஏண்டி, அந்த எச்சி டெஸ்ட் உங்க லேப்ல இருக்கா"ன்னு கேட்டா. இல்லக்கான்னுட்டு, ஒரு 40 பக்க நோட்டுல கட்டம் போட்டு கொடுத்தேன்: தேதி, பத்துக்கு எத்தன வலி, எந்த எடம், மாத்திரை எத்தன, லீவு போட்டாளா, ஒண்ணுக்கு போறப்ப வலிக்குதா, மோஷன் போறப்ப வலிக்குதா. கடைசி ரெண்டு கட்டத்த பாத்து பொண்ணு மூஞ்ச சுளிச்சா, எழுதுடின்னு சொல்லிட்டு வந்துட்டேன். முந்தாநாள் வீட்டுக்கு வந்து நோட்ட நீட்டினா. மூணு நாளும் கடைசி கட்டத்துல டிக் போட்டிருந்தா, மூணாவது நாள் டிக்குக்கு பக்கத்துல சின்னதா "அழுதேன்"னு வேற. வர்ற வியாழக்கிழமை அதே மேடம்கிட்ட அப்பாயிண்ட்மெண்ட் வாங்கியிருக்கோம், நோட்ட மறக்காம எடுத்துட்டு வர சொல்லியிருக்கேன்.